நான்காம் பட்டை உளுந்து

காரைத்திடல்,
மன்னார்குடி வழி
4.2.1973

தம்பி ரெத்தினத்துக்கு அப்பா சாமிதுரை சொல்ல, பஸ் நிற்கிற இடத்துத் தையல்காரர் ஜெக்கரியா எழுதுவது. நான் பேசுகிறபடியே எழுதினால் படிக்கிறவர்கள் தன்னைத்தான் ஏசுவார்கள், கொஞ்சம் திருத்தித்தான் எழுதுவேன் என்கிறார். திருத்தட்டும். திட்டுகிற இடத்தை மட்டும் திருத்தாதீங்க என்று சொல்லியிருக்கிறேன்.

உளுந்து முளைத்துவிட்டது. சம்பாத் தாள் நிற்கும்போதே, கால் புதைகிற ஈரத்தில், நீ முளைக்குச்சி அடித்து ஐந்து பட்டையாகப் பிரித்து விதைக்கச் சொன்னாயே, அந்த ஐந்தும் தாளடிக்கு நடுவில் இரண்டிரண்டு இலையாக நிற்கின்றன. நாலு பட்டையில் நீ கொண்டுவந்த நம்பர் விதை. ஐந்தாவதில் நம் வீட்டுப் பானை விதை. எறும்பு வந்தது. உன் அம்மா சாம்பல் தூவினாள்.

ஜீப்பை விட்டு இறங்கி வந்தாயே, அதைத்தான் சொல்ல வந்தேன். உன் விவசாய ஆபீசர் பக்கத்தில் நிற்கிறார். நீ என்னைப் பார்த்து, "பெரியவரே, இந்த வாய்க்கால் தண்ணி எதுவரைக்கும் வரும்?" என்றாய். நானும், "பங்குனி வரைக்கும் கசியுங்க" என்றேன். உன் அம்மா குடத்தோடு நின்றாள். தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, "ரொம்ப நன்றிம்மா" என்று செம்பைத் திருப்பிக் கொடுத்தாய். எல்லாப் பொம்பளையையும்தான் அம்மா என்று கூப்பிடுவார்கள், அவனும் அப்படித்தானே கூப்பிட்டான், யாருக்கு என்ன தெரியும் என்று அவளே சொல்லிக்கொள்கிறாள்.

எனக்குக் கோபம் இல்லை. சர்க்கார் உளுந்தை என் வயலில் போடச் சொல்லி நான்தானே உன்னைக் கூப்பிட்டேன். குத்தகைப் பதிவுக்கு மனுப் போட்டிருக்கிறேன். பண்ணையார் துரைராசு, அவன் குத்தகைக்காரனே இல்லை, என் பண்ணையாள், கூலி வாங்கிக்கொண்டு உழுதவன் என்று பதில் மனுப் போட்டிருக்கிறார். பெரும்புயல் அடித்ததற்கு அடுத்த தையில், சாய்ந்த தென்னையை நான் வெட்டி அகற்றின பிறகு, அவருடைய அப்பா வரப்பில் நின்று, "நாலு மா நிலமும் நீயே வச்சுக்க, நெல்லை மட்டும் ஒழுங்கா அளந்துடு" என்றார். அன்றைக்கு அவர் தோளில் போட்டிருந்த துண்டுக்குக் கரை பச்சை. எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஆனால் என் ஞாபகத்தை எந்த ஆபீசில் வாங்குகிறார்கள்? ஒரு வருஷம்கூட ரசீது கொடுத்ததில்லை.

இப்போது சர்க்காரே என் வயலில் வந்து உளுந்து போட்டிருக்கிறது. பலகை நட்டிருக்கிறது. இதைவிட என்ன சாட்சி வேண்டும்? உன் அம்மா பலகைக்கு மஞ்சள் குங்குமம் வைத்தாள்.

அப்பா
சாமிதுரை

கோயம்புத்தூர்
12.2.1973

அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. ஜெக்கரியா அண்ணனுக்கு என் வணக்கம். இதை அவர் கடையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து உங்களுக்குப் படித்துக் காட்ட வேண்டும்.

பெரியவரே என்று கூப்பிட்டதற்குக் காரணம் அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும், நேரம் வாய்க்கவில்லை. உறவுக்காரர் வயலில் நாங்கள் சோதனைத் திடல் போடக் கூடாது. போட்டால், விதையையும் உரத்தையும் வீட்டுக்குக் கொண்டுபோகிறான் என்பார்கள், வேலைக்கே மோசம் வரும். ஐந்து வயதில் என்னைச் சீர்காழி மாமா வீட்டில் விட்டீர்கள். பள்ளிக்கூடத்தில் அப்பா பெயர் என்ற இடத்தில் ஐயாவு மாமாவின் பெயரையே எழுதிவிட்டார்கள். அதனால்தான் இந்தத் திடலை உங்கள் வயலில் போட முடிந்தது. என் சான்றிதழ் எதிலும் நீங்கள் இல்லை. இதை எழுதக் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

பயிரைப் பற்றிச் சொல்லுங்கள். எது முதலில் கிளைக்கிறது, எது கொடி ஓடுகிறது, எதில் இலை மஞ்சள் படிகிறது, எது முதலில் பூக்கிறது. எங்கள் ஆள் வந்து அளந்து எழுதுவார். ஆனால் அவர் வாரம் ஒருமுறைதான் வருவார். ஐந்தாம் பட்டைக்குத் தனியாகச் சாம்பலோ எருவோ போட வேண்டாம். போட்டால் ஒப்பிட முடியாமல் போகும்.

பலகையைப் பற்றி அதிகம் பேச வேண்டாம். அது எங்கள் ஆபீஸ் வழக்கத்துக்காக வைக்கிறது. சாட்சிக்கு அக்கம்பக்கத்து ஆட்களைக் கூட்டிப் போங்கள்.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

ரெத்தினம்

காரைத்திடல்
4.3.1973

தம்பிக்கு,

ஐந்தாம் பட்டைக்கு மட்டும் உன் அம்மா கூடுதலாகச் சாம்பல் போட்டது உண்மைதான். அது நம்ம வீட்டுப் பிள்ளை என்றாள். உன் கடிதம் வந்த பிறகு நிறுத்திவிட்டாள்.

நீ கேட்டதைச் சொல்கிறேன். முதல் பட்டை அவசரக்காரன். எல்லாவற்றுக்கும் முன்னால் பூத்தான், ஆனால் ஒற்றைத் தண்டு, பக்கக்கிளை இல்லை. இரண்டாவது இலையும் கொடியுமாக ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடக்கிறது. மாடு பார்த்தால் சந்தோஷப்படும், மனுஷனுக்கு ஒன்றும் இல்லை. மூன்றாவதில் மஞ்சள் தேமல் விழுந்துவிட்டது. தூரத்திலிருந்து பார்த்தால் அந்தப் பட்டையில் மட்டும் வெயில் அடிக்கிற மாதிரி இருக்கிறது.

நாலாவதைத்தான் சொல்ல வேண்டும். முழங்கால் உயரம். அடியிலேயே நாலைந்து கிளை. காய் இலைக்கு மேலே கொத்தாக நீட்டிக்கொண்டு நிற்கிறது, பிடுங்குகிற பெண்கள் குனிந்து தேட வேண்டாம். மேல் காயும் கீழ்க் காயும் சேர்ந்தாற்போல் முற்றுகிற ஜாடை தெரிகிறது.

நம்முடையது ஒரு சாண்தான். ஒரு காய் கறுக்கும்போது இன்னொன்று பூவில் இருக்கிறது. இத்தனை வருஷம் அதைத் தனியாகத்தான் பார்த்தேன், குறை தெரியவில்லை. பக்கத்தில் நாலு பேரை நிறுத்தின பிறகு தெரிகிறது. தோற்கப்போகிறது என்று தெரிந்தேதான் அதைப் போடச் சொன்னாயா?

போன வாரம் உன் ஆபீசர் வேறு ஆட்களோடு வந்தார். மன்னார்குடி ஸ்டுடியோக்காரன் போட்டோ பிடித்தான். "பயிரோட உயரம் தெரியணும், பெரியவரே, அந்தப் பலகை ஓரமா நில்லுங்க" என்றார். நின்றேன். வேட்டியை இறக்கிவிடச் சொன்னான் ஸ்டுடியோக்காரன், "முழங்கால் தெரியணும்ப்பா, அளவே அதுதான்" என்றார் ஆபீசர். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பண்ணைக் காரியக்காரரும் வந்து வரப்பில் குடை பிடித்து நின்றார். "பலகை ரொம்ப அழகா இருக்கு சாமிதுரை. காத்துல சாயாம பாத்துக்க" என்றார். ஒருநாளும் என்னிடம் நல்ல வார்த்தை பேசாத மனுஷன். எனக்கு என்னவோ போல இருந்தது.

விசாரணை பங்குனிக் கடைசியில், மன்னார்குடியில். அந்தப் போட்டோவில் ஒன்று எனக்கு வேண்டும். உங்கள் ஆபீசுக்கு வந்திருக்கும், அனுப்பு.

அப்பா

கோயம்புத்தூர்
13.3.1973

அப்பாவுக்கு,

போட்டோ இங்கே கோப்பில் ஒட்டிவிட்டார்கள். எடுக்க முடியாது. அது உங்களுக்குத் தேவையும் இல்லை. அதைக் கொண்டுபோக வேண்டாம் அப்பா. விவசாயிகள் சங்கத்து இராஜாங்கம் அண்ணன் என்ன சொல்கிறாரோ அதன்படி செய்யுங்கள். வாய்ச் சாட்சி போதும்.

நாலாம் பட்டையைப் பற்றி நீங்கள் சொன்னது எங்கள் ஆள் எழுதியதோடு பொருந்துகிறது. ஐந்தாவது எதற்கு என்று கேட்டீர்கள். ஊரில் எல்லாருக்கும் தெரிந்த ரகம் ஒன்று பக்கத்தில் இருந்தால்தான், புதியது எவ்வளவு மேல் என்று சொல்ல முடியும். தோற்கடிக்க இல்லை. அது இல்லாமல் மற்ற நாலுக்கும் அளவே கிடையாது.

பிடுங்கும்போது ஐந்தையும் தனித்தனியாகக் களத்தில் போடச் சொல்லுங்கள். பெண்கள் கூலிக்கட்டு எடுக்கிறதாக இருந்தால், எடை போட்ட பிறகு எடுக்கட்டும். முன்னால் எடுத்தால் நல்ல பட்டையில்தான் கை வைப்பார்கள், நல்லது குறைந்ததாகக் கணக்கு வரும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரெத்தினம்

காரைத்திடல்
9.4.1973

ரெத்தினத்துக்கு,

விசாரணை முடிந்துவிட்டது. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். ஜெக்கரியா நடுவில் இரண்டுமுறை பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

நீ அனுப்பாவிட்டால் என்ன, ஸ்டுடியோவிலேயே போய் ஒரு பிரதி போடச் சொன்னேன். விசாரணை அன்று காலையில்தான் உறையில் போட்டுக் கொடுத்தான். நேரே ஆபீசுக்குப் போனேன். இராஜாங்கம் படியில் நின்றார். காட்ட நேரம் இல்லை, அதற்குள் என் பேரைக் கூப்பிட்டுவிட்டார்கள். தாசில்தார் மேஜையில் நானே என் கையால் வைத்தேன்.

"இது என்ன?"

"என் வயல் பலகைங்க. சர்க்கார் வச்சதுங்க. பக்கத்துல நிக்கிறது நான்தாங்க."

"படிக்கத் தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாதுங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். "ரக ஒப்பீட்டுத் திடல். பயிர், உளுந்து. விவசாயி பெயர், திரு. துரைராசு." என்னைப் பார்த்தார். மறுபடியும் படித்தார். காரியக்காரர் துண்டால் வாயை மூடிக்கொண்டார். சிரிப்பை மறைக்கத்தான். பண்ணை வக்கீலுக்கு எழுந்திருக்கிற வேலைகூட இல்லை. "மனுதாரரே எங்க சாட்சியைக் கொண்டாந்து குடுத்துட்டாருங்க" என்றார், உட்கார்ந்த இடத்திலிருந்தே.

தாசில்தார் நல்ல மனுஷன்தான். "வேற ஏதாவது இருக்கா பெரியவரே?" என்று கேட்டார். அவரும் பெரியவரே என்றார். அக்கம்பக்கத்து ஆட்கள் சொன்னது எதுவும் அதற்கு மேல் எடுபடவில்லை. மனு தள்ளுபடி.

விசாரணைக்கு நாலு நாள் முன்னால்தான் உளுந்து பிடுங்கினோம். உங்கள் ஆள் பட்டை பட்டையாக எடை போட்டு எழுதிக்கொண்டு போனார். மீதிக் குவியல் விவசாயிக்கு என்றார். தீர்ப்பு வந்த மறுநாள் காரியக்காரர் வண்டி கொண்டுவந்து, விவசாயி சார்பாக, ஐந்து குவியலையும் அள்ளிக்கொண்டு போனார். பானையில் மிச்சம் வைக்காமல் விதைத்த நம் விதையும் அதிலே போயிற்று. வண்டி கிளம்புகிற நேரத்தில் நாலாவதில் ஒரு பிடியை உன் அம்மா முந்தியில் முடிந்துகொண்டாள். தன் வயலிலேயே திருடினாள்.

தை மாதம் அந்தப் பலகைக்குக் குங்குமம் வைத்தாளே, அதை நட்ட அன்றைக்கு அந்த வயலில் எழுத்துத் தெரிந்தவன் ஒருத்தன்தான் எங்கள் ஆள் என்று இருந்தான். அவன் எங்களிடம் சொல்லவில்லை.

சாமிதுரை

கோயம்புத்தூர்
16.4.1973

அப்பாவுக்கு,

மறைக்க ஒன்றும் இல்லை. பட்டா யார் பெயரில் இருக்கிறதோ அவர் கையெழுத்து இல்லாமல் திடல் போட முடியாது என்று ஆபீசர் சொல்லிவிட்டார். அவரே பண்ணைக்குப் போய் வாங்கி வந்தார். கையெழுத்துப் போட்டவர் பெயர் பலகைக்கு வந்தது. நான் அப்போது, உழுகிறவர் வேறு ஒருவர் என்று சொல்லியிருக்கலாம். யார், உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். பயந்தேன்.

உங்களிடம் சொல்லியிருந்தால் பலகையைப் பிடுங்கிப் போட்டிருப்பீர்கள். மூன்று மாதத்தில் பயிர் முடிந்துவிடும், பலகையும் போய்விடும், யாரும் கவனிக்க மாட்டார்கள் என்று நினைத்தேன். நீங்கள் அதை அவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்வீர்கள் என்று நினைக்கவில்லை.

திட்ட வேண்டியதை எல்லாம் திட்டி எழுதுங்கள். ஜெக்கரியா அண்ணன் திருத்த வேண்டாம்.

ரெத்தினம்

காரைத்திடல்
25.4.1973

ரெத்தினத்துக்கு,

திட்டிப் பார்த்தேன். ஜெக்கரியா எழுதவும் எழுதினார். படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டேன். பிறகு கிழிக்கச் சொல்லிவிட்டேன்.

அப்பீல் போட்டிருக்கிறது. தஞ்சாவூரில், வைகாசியில். இராஜாங்கம்தான் ஓடி ஓடிச் செய்தார். அதுவும் தள்ளிவிட்டால் ஆடியில் காரியக்காரர் வேறு ஆளை விட்டு உழுவார். ஆளையும் பேசி வைத்தாயிற்று. அதற்கு மேல் நானும் உன் அம்மாவும் இந்தத் தெருவில் இருப்பதே அவர்கள் தயவு. மனைக்கட்டும் பண்ணையுடையதுதான்.

நீ வர வேண்டும். வந்து நின்று, இவர்தான் உழுதார், நான் கண்ணால் பார்த்தேன், இவர் என் அப்பா என்று சொல்லு. வேலைக்கு என்ன ஆகும் என்று யோசித்துத்தான் கேட்கிறேன். உன்னை ஐந்து வயதில் அனுப்பினபோதும் யோசித்துத்தான் அனுப்பினேன். இங்கே இருந்தால் பண்ணை மாட்டுக்குப் பின்னால்தான் போயிருப்பாய். அன்றைக்கு நான் விட்டதை இன்றைக்கு ஒருமுறை எடுத்துக்கொள்கிறேன். அவ்வளவுதான்.

மகன் சாட்சி செல்லாது என்கிறார் இராஜாங்கம். "அப்பனுக்கு மகன் சொல்லாம யாரு சொல்லுவா, அப்படின்னு வக்கீல் ஒரே வெட்டா வெட்டிடுவான்யா" என்கிறார். எனக்கு அது புரியவில்லை. மகனை விட அப்பனைப் பற்றி யாருக்குத் தெரியும்?

அப்பா

கோயம்புத்தூர்
3.5.1973

அப்பாவுக்கு,

வருகிறேன்.

அப்பீலில் திடல் கோப்பைக் கேட்டு ஆபீசுக்குக் கடிதம் வந்திருக்கிறது. ஆபீசரும் நானும் ஜீப்பில் வருவோம். அங்கே என்னை யார் எது கேட்டாலும், நான் என்ன சொன்னாலும், நீங்கள் நடுவில் பேசாதீர்கள். அம்மாவையும் பேச வேண்டாம் என்று சொல்லுங்கள். இது ஒன்றை மட்டும் எனக்காகச் செய்யுங்கள்.

எடை எல்லாம் கணக்குப் போட்டு முடித்துவிட்டோம். நாலாவதுதான் முதல். செடிக்குக் காய், காய்க்கு மணி, மணியின் எடை மூன்றிலும் அதுதான். முதலாவது சீக்கிரம் முற்றுவதால் இரண்டாம் இடம். மூன்றாவதில் மஞ்சள் தேமல், அதைக் கழித்துவிட்டோம். உங்களுடையது கடைசி. அறிக்கையில் அதற்குப் பெயர் கிடையாது. உள்ளூர் ரகம் என்று மட்டும் போட்டிருக்கிறோம்.

ரெத்தினம்

காரைத்திடல்
10.6.1973

தம்பிக்கு,

பதிவு ஆகிவிட்டது. உத்தரவு நேற்று வந்தது. நாலு மாவும் என் பேரில், குத்தகைதாரர் சாமிதுரை என்று இருக்கிறதாம். ஜெக்கரியா படித்தார். அதை இன்னொருமுறை படிக்கச் சொன்னேன். பிறகு இராஜாங்கத்திடம் கொண்டுபோய் அவரையும் படிக்கச் சொன்னேன். நான் இப்போது எதையும் இரண்டு பேரைப் படிக்கச் சொல்லித்தான் கேட்கிறேன்.

அன்றைக்கு நீ பேசினதை எல்லாம் நான் மறக்கவில்லை. மறக்கிற வியாதி எனக்கு வரவில்லை. வெள்ளைச் சட்டை, கையில் கோப்பு. "பலகையில உள்ளது பட்டாதாரர் பேருங்க. அது எங்க ஆபீஸ் வழக்கம். உழுதது, விதைச்சது, காவல் இருந்தது எல்லாம் இந்தப் பெரியவர்தான். ஐந்தாம் பட்டைக்கு விதை குடுத்ததும் இவர்தான், கூலியாள் சொந்த விதை வச்சிருக்க மாட்டான்" என்றாய். பெரிய அதிகாரி தலையை ஆட்டினார். தோற்றுப்போன உளுந்து எனக்குச் சாட்சி சொல்லும் என்று நான் நினைக்கவே இல்லை.

அப்புறம் பண்ணை வக்கீல் எழுந்தார். இந்தத் தடவை எழுந்துதான் பேசினார்.

"உங்களுக்கும் மனுதாரருக்கும் ஏதாவது உறவு உண்டா?"

"இல்லைங்க."

"தகப்பனார் பேரு?"

"ஐயாவு. ஊரு சீர்காழி."

நீ என் பக்கம் பார்க்கவில்லை. குரல்கூட மாறவில்லை. கோப்பின் கயிற்றை மட்டும் விரலில் சுற்றிக்கொண்டிருந்தாய். சின்ன வயதில் அரைஞாண் கயிற்றை அப்படித்தான் சுற்றுவாய். "சம்பந்தமில்லாத அரசாங்க ஊழியர் சொல்றார், இதை நம்பாம எதை நம்பறது?" என்று அதிகாரி எழுதச் சொல்லிவிட்டார். இராஜாங்கம் வெளியே வந்து என் தோளைத் தட்டினார். "ஜெயிச்சிட்டோம்யா, என்ன இப்படி நிக்கிற?" என்றார்.

நம் தெரு ஆட்கள் இரண்டு வண்டி வந்திருந்தார்கள். நீ யார் பிள்ளை என்று தெரியாதவர் அதில் ஒருத்தர் கிடையாது. ஒரு வாய்கூடத் திறக்கவில்லை. பண்ணைக்குத்தான் நம் தெருவில் யார் யாருக்குப் பிறந்தவன் என்று என்றைக்கும் தெரிந்ததில்லை.

உன் அம்மா உனக்குப் புளிச்சோறு கட்டிக்கொண்டு வந்திருந்தாள். நீ கூடத்தைத் தாண்டிப் போகும்போது பொட்டலத்தைத் தூக்கிப் பார்த்தாள், நீட்டவில்லை. பேச வேண்டாம் என்றாயே, நீட்டுவதும் பேசுவதுதான் என்று நினைத்துக்கொண்டாள். ஜீப் போன பிறகு பஸ்ஸில் நாங்கள் பிரித்தோம். உப்பு கூடிப்போச்சு என்று சொல்லிக்கொண்டே அவளும் சாப்பிடவில்லை, எனக்கும் இறங்கவில்லை. பக்கத்தில் ஒரு கைப்பிள்ளைக்காரி இருந்தாள், அவளிடம் கொடுத்துவிட்டோம்.

இனிச் சொல்வதைக் கவனமாகக் கேள். நீ இங்கே வரக் கூடாது. காரியக்காரர் ஆள் வைத்து விசாரிக்கிறாராம், அந்த ஆபீஸ் பையனுக்கும் நமக்கும் என்ன வழி என்று. பொய்ச் சாட்சி என்று தெரிந்தால் நிலமும் போகும், உன் வேலையும் போகும், நீ ஜெயிலுக்கும் போவாய். தீபாவளிக்கு வராதே. உனக்குக் கல்யாணம் என்றால் ஐயாவு மச்சான் மேடையில் நிற்கட்டும், அவர்தானே தகப்பன். நாங்கள் கூட்டத்தில் இரண்டு பேராக வந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறோம். நான் செத்தால் சேதி சொல்லி அனுப்பச் சொல்லியிருக்கிறேன். வந்தால் ஓரமாக நில். கொள்ளிக்கு உன் பெரியப்பா மகன் இருக்கிறான்.

முந்தியில் முடிந்த அந்த ஒரு பிடி நாலாம் நம்பர் சாம்பல் கலந்து பானையில் இருக்கிறது. தையில் விதைப்போம். இரண்டு வருஷத்தில் நாலு மாவுக்கும் ஆகிவிடும் என்கிறாள். நம் பழைய உளுந்து இனி ஊரில் யாரிடமும் இல்லை. கேட்டுப் பார்த்தேன்.

ஒன்று கேட்க நினைத்தேன். இல்லைங்க என்று நீ சொன்னது இந்த நாலு மாவுக்காகவா, உன் ஆபீசர் பக்கத்தில் இருந்ததற்காகவா? ராத்திரியில் உன் அம்மா ஒன்று சொல்கிறாள், நான் ஒன்று சொல்கிறேன். விடியும்போது இரண்டு பேரும் மாற்றிச் சொல்கிறோம். நீ பதில் எழுத வேண்டாம். எழுதினாலும் இன்னொருத்தர் படித்துத்தான் நான் கேட்க வேண்டும். அதை அப்படிக் கேட்க எனக்கு இஷ்டமில்லை.

நாலாம் பட்டை எப்படி வந்தது என்று மட்டும் வருஷா வருஷம் ஆபீசுக்கு ஒரு கார்டு போடச் சொல்கிறேன். விவசாயி எழுதினால் தப்பில்லையே.

இப்படிக்கு,
பெரியவர்